சூடானால் இழுக்காத டோசர்: புதுப் பம்பா, பழைய பம்பா, கைகழுவி விடுவதா?

வைகாசி மாதம், நாங்குநேரிப் பக்கம் ஒரு குளத்துக்குள் வேலை. காலை ஏழு மணிக்கு வண்டி இறங்கினால் பத்து மணிவரை ஒரு குறை சொல்ல முடியாது. அதற்கு மேல் ஆபரேட்டர் கரையேறி வருவார். "அண்ணாச்சி, சூடு ஏறுனதும் வலது செயின் செத்துப் போவுது. பிளேடைத் தூக்குனா நகருது. மண்ணை வச்சா இழுக்க மாட்டேங்கு."

ஆயில் அழுத்தத்தால் ஓடுகிற ஹைட்ரோஸ்டாடிக் டோசர் வைத்திருக்கிற யாரும் ஒரு நாள் கேட்க வேண்டிய வார்த்தை இது. நான் இரண்டு முறை கேட்டுவிட்டேன். இப்போது ராதாபுரத்தில் இருக்கிற என் மச்சினன் அதே மாதிரி பழைய வண்டி ஒன்றை வாங்கி, அதே பேச்சைக் கேட்டு, "அத்தான், பம்பு மாத்தவா, வண்டியையே தள்ளிவிடவா?" என்று போன் செய்கிறான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இப்படி வண்டி வைத்திருப்பவர்கள் குறைவு, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் அதைவிடக் குறைவு.

முதலில் வண்டியைப் பற்றி இரண்டு வரி. நம் ஊரில் அதிகம் பார்த்த பி.இ.எம்.எல். டி50, டி80 போன்றவற்றில் கியர்பாக்ஸ் உண்டு, திரும்புவதற்கு ஸ்டீயரிங் கிளட்ச் உண்டு. ஹைட்ரோஸ்டாடிக் வண்டியில் அந்த இரண்டும் கிடையாது. என்ஜின் இரண்டு பிஸ்டன் பம்புகளைச் சுற்றும். ஒவ்வொரு பம்பும் தன் பக்கத்து மோட்டாருக்கு ஆயிலைத் தள்ளும். மோட்டார், செயினுக்கு முந்தைய கடைசிப் பல்சக்கரப் பெட்டியான ஃபைனல் டிரைவைச் சுற்றும், செயின் ஓடும். 1970-களில் வந்த ஜான் டியர் 750, 850, லீபெர் டோசர்கள், பிறகு வந்த கேட்டர்பில்லர் டி3ஜி, டி4ஜி, டி5ஜி, கோமாட்சு டி37, டி39 எல்லாம் இந்த வகை. திரும்பும்போதும் இரண்டு செயினுக்கும் சக்தி இருக்கும். கரையின் சரிவைச் சீவி முடிக்க இதைப் போல் கைக்கு அடங்கிய வண்டி வேறில்லை. எங்களுடையது 90 குதிரைத்திறன், இறக்குமதியாகி இரண்டு கை மாறி வந்தது.

பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே ஓடுகிற ஆயில் டேங்குக்குத் திரும்புவதில்லை. பம்பிலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து நேராகப் பம்பு. மூடிய சுற்று. கசிவில் குறைகிற ஆயிலை மட்டும் சார்ஜ் பம்பு என்ற சின்னப் பம்பு ஃபில்டர் வழியாக ஊட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே பம்புக்குள் ஏதாவது ஒன்று உடைந்தால் அந்தத் தூள் எந்த ஃபில்டரையும் பார்க்காமல் மோட்டாருக்குள் போகும், அங்கிருந்து மறுபடி பம்புக்கு வரும். எந்த வழியில் பம்பு வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால், இந்தச் சுற்றை யார் கழுவப்போகிறார்கள் என்ற கேள்வி நிற்கிறது. நான் இதைப் பணம் கொடுத்துத்தான் படித்தேன்.

முதல் முறை வலது பம்பு போனபோது சித்திரை மாதம். பிசான நெல் அறுவடை முடிந்து குளங்கள் வற்றியிருக்கிற காலம், எங்களுக்கு வேலை நாட்களே அதுதான். வெளியூரில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் கழட்டின பம்பு ஒன்று கிடைத்தது. பேர்ப்பலகை தேய்ந்திருந்தாலும் உருவம் ஒன்றுபோல இருந்தது. இரண்டு நாளில் கொண்டுவந்து மாட்டினோம். வண்டி புதுசு மாதிரி இழுத்தது. 40 மணி நேரம்கூட ஆகவில்லை, மறுபடி அதே பேச்சு, சூடானால் வலது செயின் இல்லை. இந்த முறை கூப்பிட்ட மெக்கானிக் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மோட்டாரத் தொறந்து பாத்தீயளா?"

திறக்கவில்லை. அவர் திறந்தார். ஆயில் உள்ளே வரும் வழியையும் வெளியே போகும் வழியையும் பிரிக்கிற வால்வ் பிளேட் என்ற தட்டின் பிறை வடிவத் துவாரங்களின் ஓரத்தில் பித்தளைத் துகள் அப்பிக்கிடந்தது. முதலில் கெட்ட பம்பின் ஷூக்களிலிருந்து, அதாவது பிஸ்டன் நுனியில் மாட்டிய பித்தளைப் பாதங்களிலிருந்து, உதிர்ந்தது. அதுதான் புதிதாக மாட்டிய பம்பையும் 40 மணி நேரத்தில் தின்றிருக்கிறது. விற்றவரின் பம்பு நல்லதா கெட்டதா என்று இனி யாரும் சொல்ல முடியாது. நாங்கள் அதற்கு ஒரு வாய்ப்பே கொடுக்கவில்லை.

வாங்குமுன் அளந்து பாருங்கள்

நான்கு வழிகளையும் ஒப்பிடுமுன் நோய் எங்கே என்று தெரிய வேண்டும். இதற்கு ஒரு நாள் போதும். 60 பார் (அழுத்தத்தின் அளவு) வரை காட்டுகிற சின்னக் கேஜ் ஒன்றும், லோடில் வேலை அழுத்தத்தைப் பார்க்க 600 பார் கேஜ் ஒன்றும் வேண்டும்.

சார்ஜ் பிரஷரை ஆயில் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறையும், ஒரு மணி நேரம் வேலை செய்து சூடான பிறகு ஒரு முறையும் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இது 20 முதல் 30 பாருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கான கணக்கு புத்தகத்தில் இருக்கும். நின்றபடி சரியாக இருந்து, சூடான பிறகு ஒரு பக்கம் லீவரைத் தள்ளும்போது மட்டும் சரிந்தால், அந்தப் பக்கத்துச் சுற்று ஆயிலைக் குடிக்கிறது. இரண்டு பக்கமும் எப்போதும் தாழ்ந்தே இருந்தால், பெரிய பம்பைத் தொடாதீர்கள். சார்ஜ் பம்பு, அதன் ரிலீஃப் வால்வ், அடைத்துப்போன சக்ஷன் ஃபில்டர், காற்று இழுக்கிற ஹோஸ், இவற்றில் ஒன்றாக இருக்கும். சக்ஷன் ஹோஸில் ஒரு கிளாம்ப் தளர்ந்ததற்குப் பம்பையே இறக்கிப் பார்த்தவர்களை நான் அறிவேன்.

அடுத்தது மோட்டாரின் கேஸ் டிரெயின். கசிகிற ஆயில் டேங்குக்குத் திரும்புகிற அந்த மெல்லிய ஹோஸைக் கழற்றி, லிட்டர் கோடு போட்ட வாளியில் விட்டு, போனில் நேரம் வைத்துப் பாருங்கள். இடது மோட்டாரையும் வலது மோட்டாரையும் ஒரே வெப்பத்தில், ஒரே லோடில் ஒப்பிட வேண்டும். ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு கொட்டினால் ஆள் பிடிபட்டான். பம்பின் கேஸ் டிரெயினை இப்படி அளந்து முடிவுக்கு வராதீர்கள். பல பம்புகளில் சார்ஜ் ரிலீஃபின் ஆயிலும் அதே வழியில்தான் கொட்டும், நல்ல பம்பும் கெட்டதுபோலத் தெரியும்.

இன்னொரு சோதனை செலவே இல்லாதது. இடது பம்பின் ஹோஸ்களை வலது மோட்டாருக்கும், வலதை இடதுக்கும் மாற்றிப் பூட்டுவது. குறை செயினோடேயே இருந்தால் மோட்டார், பக்கம் மாறினால் பம்பு. ஆனால் ஆயிலில் துகள் தெரிந்தபின் இதைச் செய்யக்கூடாது, நோயை நல்ல பக்கத்துக்கும் கொண்டுபோய்விடும். செய்யும்போதும் பிளேடைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, பிரஷர் இறங்கின பிறகே ஹோஸில் கை வைக்க வேண்டும். ஓடுகிற வண்டியில் கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 350 பாரில் ஊசித் துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே வெட்டி எடுக்கவேண்டிய நிலைமைகூட வரும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

கடைசியாக ஃபில்டர். பழைய சார்ஜ் ஃபில்டரை எறியாமல் வெட்டிப் பாருங்கள். ஹேக்ஸா பிளேடால் வேண்டாம், அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து குழப்பும். பைப் கட்டர் போன்ற உருளும் கத்தி நல்லது. தாளை விரித்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் பிழிந்து, வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மின்னுவது தெரியும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, பேரிங் அல்லது பிளாக்கின் (பிஸ்டன்கள் ஓடுகிற உருளை) ஸ்ப்ளைன் பல். ஒட்டாமல் பொன்னாக மின்னினால் ஷூ, அல்லது பிளாக்கின் அடிப்பூச்சு. அதுதான் கெட்ட செய்தி.

நான்கு வழிகள்

முதலாவது, கம்பெனி வழி. டீலரிடம் புதுப் பம்பு, அல்லது நம் பழையதைக் கொடுத்துவிட்டுச் சரிசெய்த பம்பை வாங்கும் எக்ஸ்சேஞ்ச். விலையில் முதலிடம் இதற்குத்தான். பழைய மாடல் என்றால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வாரங்கள் ஆகும். இதன் பலம், டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிய தாளும் வாரண்டியும். ஆனால் வாரண்டித் தாளை வாசித்துப் பாருங்கள். சுற்றைக் கழுவினீர்களா, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினீர்களா என்று ஆதாரம் கேட்பது வழக்கம். பணம் கொட்டி வாங்கினாலும் கழுவுகிற வேலை நம் தலையில்தான்.

இங்கேயே ஒரு குறுக்குவழி உண்டு. பல டோசர்களில் பம்பைச் செய்வது டோசர் கம்பெனி அல்ல. டான்ஃபாஸ் (முன்பு சாவர்), ரெக்ஸ்ராத், லிண்டே, ஈட்டன் (அதன் ஹைட்ராலிக் பிரிவு 2021 முதல் டான்ஃபாஸிடம்) என்று ஹைட்ராலிக் கம்பெனிகளின் பம்பு உள்ளே இருக்கும். டோசரின் பார்ட் நம்பரை விட்டு, பம்பின் மேலேயே இருக்கிற பலகையின் எண்ணைத் துடைத்துப் படம் எடுத்து, அந்தக் கம்பெனியின் ஆட்களிடம் கேளுங்கள். விலையும் நாளும் குறைய வாய்ப்பு அதிகம். கேட்கும்போது கொள்ளளவு எத்தனை சிசி, எந்தப் பக்கம் சுற்றும், ஷாஃப்டில் எத்தனை பல், சார்ஜ் பம்பு உள்ளேயா வெளியேயா, கண்ட்ரோல் கேபிளா மின்சாரமா என்று ஐந்தையும் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றும் பம்பு வெளியில் பார்க்க அச்சு அசலாக இருக்கும், மாட்டினால் சார்ஜ் பிரஷரே வராது.

இரண்டாவது, பழைய கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே சுற்றுகிற பாகங்களை முழுசாக மாற்றுவது. பிளாக், 9 பிஸ்டன் ஷூவோடு, வால்வ் பிளேட், ரிடெயினர் எல்லாம் ஒரே செட். நான் இரண்டாம் முறை போனது இந்த வழியில்தான். மச்சினனுக்கும் இதைத்தான் சொன்னேன்.

நம் பக்கத்தில் ஹைட்ரோஸ்டாடிக் தெரிந்த ஆள் இல்லை என்று நினைத்து முதல் முறை நான் பழைய பம்பைத் தேடி ஓடினேன். அது தவறு. டோசர் பார்த்த ஆள்தான் குறைவு. இதே மூடிய சுற்றுதான் கான்கிரீட் கலவை லாரியின் டிரம்மைச் சுற்றுகிறது. தாமிரபரணிப் பாசனத்தில் ஈர வயலில் இறங்குகிற செயின் வைத்த அறுவடை மெஷின்கள் பலவும் இதே ஹைட்ரோஸ்டாடிக்தான். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவ அறுவடைக்கும் அந்த மெஷின்கள் வரும்போது கூடவே பம்பு திறக்கத் தெரிந்த கைகளும் வருகின்றன. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்காகவே ஹைட்ராலிக் பட்டறைகள் உண்டு, கோயம்புத்தூரில் லேப்பிங்கும் (முகத்தை மிக நுணுக்கமாகத் தேய்த்துச் சமன் செய்வது) டெஸ்ட் பெஞ்சும் உண்டு. "டோசர் பார்ப்பீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "கலவை லாரி பம்பு பார்ப்பீங்களா?" என்று கேளுங்கள்.

செட்டைப் பாதியாக வாங்கக்கூடாது. பிளாக்கின் அடியும் வால்வ் பிளேட்டின் முகமும் மைக்ரான் கணக்கில் ஒன்றை ஒன்று உரசி ஆயிலைப் பிடிக்கின்றன. மனித முடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன், இங்கே இடைவெளி அதில் சிறு பங்கு. பழைய பிளேட்டில் புது பிளாக்கை வைத்தால் புதியதும் பழையதாகும். லேசான கீறல் என்றால் லேப்பிங் செய்து பிழைக்க வைக்கலாம், ஆனால் கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது, அதைத் தாண்டித் தேய்த்தால் அந்தப் பிளேட் முடிந்தது. லேத்தில் புதிதாகக் கடைந்து தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேரிங் மட்டும் பெரும்பாலும் பொது எண்தான், நல்ல கடையில் கிடைத்துவிடும். ஷாஃப்ட் சீலில் அளவு பொருந்துகிறதென்று சாதாரண ஆயில் சீலைப் போடுகிறார்கள். பம்பின் கூட்டுக்குள் எப்போதும் கொஞ்சம் பிரஷர் நிற்கும், சாதாரண சீலின் உதடு அதைத் தாங்காமல் ஒரே வாரத்தில் பிதுங்கும். பிரஷர் தாங்குகிற வகை என்று கேட்டு, நம் வெயிலுக்கு வைட்டான் ரப்பரில் வாங்குங்கள்.

பட்டறை பம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது பெஞ்சில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆயிலைச் சூடாக்கி, லோடு ஏற்றி, கேஜ் தெரிய வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்ச் இல்லாத பட்டறைக்கு இந்த வேலையைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

மூன்றாவது, கழட்டின சாமான். மலிவு, இரண்டு நாளில் கைக்கு வரும். நான் பட்டதற்குப் பிறகு கழட்டின பம்பை வேண்டாம் என்கிறேன், ஆனால் கழட்டின சாமானையே வேண்டாம் என்று சொல்லவில்லை. தேயாத பாகங்களுக்கு அதுதான் சரியான இடம். பம்பின் வெளிக்கூடு, ஃபைனல் டிரைவ் ஹவுசிங், பிளேடின் சி-ஃபிரேம், டேங்க், கண்ட்ரோல் லீவர், கேபின் கதவு, இவற்றையெல்லாம் புதிதாக வாங்குவது வீண். அரசு நிறுவனங்கள் கழிக்கிற வண்டிகள் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில் வருகின்றன. இன்னொருவரோடு சேர்ந்து அதே மாடலில் முழு வண்டியாக எடுத்துப் போட்டால், பத்து வருஷத்துக்குச் சில்லறை சாமான் கவலை இல்லை. கழட்டின பம்பைத்தான் வாங்கியாக வேண்டும் என்றால், அதைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். திறக்கவிட மாட்டேன் என்றால் கூட்டின் விலை மட்டும் கொடுங்கள்.

நான்காவது, விட்டுவிடுவது. ஸ்டீயரிங் கிளட்ச் வைத்த பழைய வண்டிக்கு மாறினால் டிஸ்க்கும் பிளேட்டும் எங்கும் கிடைக்கும், எந்தப் பட்டறையும் பார்க்கும். தூரமாகத் தள்ளுகிற வேலைக்கு டார்க் கன்வெர்ட்டர் வண்டி (என்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுப்பது) ஹைட்ரோஸ்டாடிக்கைவிட மோசமில்லை. குளத்து வேலையில் பாதியை இப்போது ஹிட்டாச்சியும் (மண் அள்ளும் எக்ஸ்கவேட்டர்) டிப்பருமே செய்துவிடுகின்றன. சொந்த நிலத்தைச் சமன் செய்யத்தான் டோசர் என்றால், வேளாண்மைப் பொறியியல் துறை மணி வாடகைக்கு புல்டோசர் தருகிறது, சொந்தமாக வைத்திருக்கத் தேவையே இல்லை. என் கணக்கில், ஆண்டுக்கு 500 மணி நேரம்கூட ஓடாத ஹைட்ரோஸ்டாடிக் வண்டிக்குப் பம்பு போனால் விற்றுவிடலாம். அதற்கு மேல் ஓடினால், என்ஜினும் செயினும் பாதி உயிரோடாவது இருந்தால், சரிசெய்வதே லாபம்.

செயினைச் சொல்லாமல் இந்தக் கணக்கு நிற்காது. டோசரின் மொத்தப் பராமரிப்புச் செலவில் பாதிவரை செயின், ரோலர், ஸ்ப்ராக்கெட்டிலேயே போகும். சாத்தான்குளம் தேரியில் ஓடின வண்டியின் புஷ்ஷை விரலால் தடவினாலே பள்ளம் தெரியும், அந்தச் சிவப்பு மணல் உப்புத்தாள் மாதிரி அறுக்கும். கரிசலில் அறுவு குறைவு, ஆனால் ஈர மண் ஸ்ப்ராக்கெட்டில் அப்பிச் செயினை இறுக்கும். அங்கே செயினைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்ட வேண்டும். இறுகிய செயின் மோட்டாரின் பலத்தையும் தின்னும். இந்த உருப்படிகளுக்கு பெர்கோ போன்ற பெயர்பெற்ற மாற்றுக் கம்பெனி சாமான் போதும், டோசர் கம்பெனியின் முத்திரைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, உடைந்த குளங்களை அடைக்கப் போனபோது எங்கள் வண்டி இரண்டு நாள் இடுப்பளவு சேற்றில் நின்றது. வேலை முடிந்ததும் ஃபைனல் டிரைவ் பிளக்கைத் திறந்தால் பால் ஊற்றின டீ மாதிரி வடிந்தது. அன்றே மாற்றியதால் பிழைத்தது.

கழுவுவது

எந்த வழியில் போனாலும் இது மாறாது. கெட்ட பக்கத்து மோட்டாரைத் திறந்து பார்க்க வேண்டும். பெரிய ஹோஸ் இரண்டையும் கழற்றிச் சுத்தமாக்க வேண்டும், உள்ரப்பர் உரிந்திருந்தால் மாற்ற வேண்டும். நெல்லையிலேயே ஹோஸ் அழுத்தித் தருகிறார்கள், ஆனால் ஒரு அங்குல ஹோஸ் என்றால் இரண்டு கம்பிச் சுற்று வகை 165 பாருக்குத்தான். நான்கு சுற்றுச் சுருள் கம்பி வைத்த 4எஸ்ஹெச் வகை 380 பார் தாங்கும். கடையில் இருக்கிறதென்று முதலாவதைப் போட்டுக்கொண்டு வரக்கூடாது. டேங்கைக் கையால் துடைக்க வேண்டும், பஞ்சுக் கழிவால் அல்ல, நூல் உதிராத துணியால். ஆயில் கூலர்தான் எல்லோரும் மறக்கிற இடம். அதன் குழாய்களுக்குள் துகள் ஒளிந்துகொள்ளும். மோசமான சேதம் என்றால் கூலரையே மாற்றிவிடுவது நல்லது. இடது பக்கத்துச் சுற்று பெரும்பாலும் தப்பித்திருக்கும், நடுவில் சார்ஜ் ஃபில்டர் காவல் நிற்கிறது. அப்படியும் அதன் ஆயிலைத் துணியில் பிழிந்து பாருங்கள்.

புது ஆயிலும் சுத்தமானதல்ல. பேரலை வெயிலிலும் மழையிலும் நிமிர்த்தி வைத்தால் மூடியின் மேல் தேங்கும் தண்ணீரை அது இரவில் உள்ளே இழுக்கும். படுக்க வையுங்கள், 10 மைக்ரான் ஃபில்டர் வழியாக டேங்கில் ஏற்றுங்கள். எந்த ஆயில் என்பதைப் புத்தகம் சொல்லும், சில வண்டிகளுக்கு என்ஜின் ஆயிலே. ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் விஜி எண்ணில் 46, 68 இரண்டும் ஒத்துக்கொள்ளும் வண்டி என்றால் நம் கோடைக்கு 68. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், ஆனி, ஆடி இரண்டு மாதமும் கூலரைத் தினம் ஊதிவிட்டால்தான் ஆயில் 80 டிகிரிக்குள் நிற்கும்.

மச்சினன் வண்டிக்குச் சோதனை முடிந்துவிட்டது. வலது பம்பு, மோட்டாரில் லேசான கீறல். ஐப்பசியில் மழை இறங்கிவிடும், தை வரை எப்படியும் வேலை இல்லை, அவசரப்பட்டுக் கழட்டின பம்பைத் தேட அவனுக்கு ஒரு காரணமும் கிடையாது. பம்புக்கு முழு செட், மோட்டாருக்கு லேப்பிங்கும் சீலும், வலது பக்கத்து ஹோஸ் இரண்டும் புதிது, கூலர் புதிது என்று முடிவாகியிருக்கிறது. செயின் இன்னொரு வருஷம் தாங்கும்.

மாட்டுகிற அன்றைக்கு நானும் போகிறேன். பம்பின் கூட்டிலும் மோட்டாரின் கூட்டிலும் முதலில் ஆயிலை நிரப்பிவிட்டு, டீசலை அடைத்துவிட்டு, ஸ்டார்ட்டரில் மட்டும் விட்டு விட்டுச் சுற்றுவோம். சின்னக் கேஜின் முள் அசைந்த பிறகுதான் டீசலைத் திறக்க வேண்டும். பிறகு செயினைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, லோடு இல்லாமல் அரை மணி நேரம். முதல் ஃபில்டரை 50 மணி நேரத்தில் கழற்றி வெட்ட வேண்டும், வேட்டித் துணியை இப்போதே எடுத்து வைத்திருக்கிறேன்.